மரக்காணம் வரைக்கும் போன சக்கர வீடு

என் அருமை மச்சான் கோதண்டத்துக்கு,

நீ இருக்கிற இடத்தில் ரோடு நல்லாயிருக்கட்டும். பள்ளமில்லாத ரோடு கிடைத்தால் உனக்கு வேறென்ன வேண்டும்?

நானும் உன் தங்கை தையலும் ஊர் சுற்றப் போய்வந்தோம். சிரிக்காதே. கடையைப் பெரியவன் கையில் கொடுத்துவிட்டேன். சாக்கும் கயிறும் விற்றே முப்பது வருஷம் ஓட்டியவனுக்கு, காலையில் எழுந்தால் போக ஓர் இடமில்லை. இப்போது போனது எதில் தெரியுமா? உன் சக்கர வீட்டில்தான்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறின வருஷம் உன் துரை கப்பலேறும்போது, இத்தனை நாள் கார் ஓட்டியதற்காக உன்னிடம் விட்டுப்போனது அது. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கிற சின்ன வீடு. உள்ளே இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, சன்னலுக்குப் பூப்போட்ட துணி. துரை அதை ரூலோத் என்பார். நம் ஊர் சாரத்தில் எல்லோருக்கும் அது சக்கர வீடு. அவர் குடும்பத்தோடு காரைக்கால் போகும்போதெல்லாம் அவர்கள் உள்ளே தூங்க, நீ வண்டிக்கு அடியில் பாய் போட்டுப் படுப்பாய். கடைசியில் வீடு உனக்கென்று வந்தது. இழுக்கத்தான் கார் இல்லை.

என்னிடம் கடை வேன் இருந்தது. மூன்று தடவை கேட்டாய். "மச்சான், நாலு நாளு வேனை எடு. நீ, தையலு, நான். காரைக்கால்ல ஆறு கடல்ல சேர்ற எடத்துல நிறுத்தினா சொர்க்கம்டா." மூன்று தடவையும் ஒரே பதில் சொன்னேன்: "சரக்கு ஏத்தணும், அடுத்த மாசம் பாக்கலாம்."

அப்புறம் நீ கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உன் கொல்லையில் நின்ற வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வாய். தையல் காப்பியோடு வருவாள். "கடலூரு தாண்டிட்டோம் தையலு" என்பாய். "செதம்பரம் வந்தா எழுப்புண்ணா" என்று அவள் கட்டிலில் சாய்ந்துகொள்வாள். அவளைக் கூட்டிப்போக வந்த நான், இரண்டு பேருக்கும் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வெளியிலேயே நிற்பேன். உள்ளே வந்து உட்கார எனக்கு ஏன் தோன்றவில்லை?

இரண்டு நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாதவன். வண்டி தையலுக்கு வந்தது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நிற்கிற பொருள் என் கண்ணை உறுத்தும், உனக்குத் தெரியும். மரக்காணத்தில் ஓர் உப்பள முதலாளி ஆபீஸ் ரூமுக்கு இப்படி ஒன்று தேடுவதாகக் கேள்விப்பட்டேன். அவளுக்குத் தெரியாமல் பேசி முடித்தேன். வண்டிக்கு நீல பெயிண்ட் அடித்தேன். "மரக்காணம் வரைக்கும் சும்மா போயிட்டு வரலாம், வா" என்று அவளைக் கூப்பிட்டேன். அங்கே போய் வண்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நல்ல விலை வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். நீ இருந்திருந்தால் என்னை அடித்திருப்பாய்.

அவள் மறுபேச்சில்லாமல் வந்தாள். வேனில் என் பக்கத்தில் உட்காரவில்லை. சன்னல் பக்கம் இருக்கணுமாம். பின்னால் உன் வீட்டிலேயே ஏறிக்கொண்டாள்.

முத்தியால்பேட்டை தாண்டியதும் ஒரு கூத்து. பிரெஞ்சுக்காரன் காலத்து எல்லைச் சுங்கச் சாவடி இருந்த இடம் வந்ததும் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. காகிதங்களை எடுத்துக்கொண்டு இறங்கி, உன் வீட்டுக் கதவையும் சோதனைக்காகத் திறந்து வைத்து, பவ்வியமாக நின்றேன். சாவடியை எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு! அங்கே ஒரு புளியமரமும் ஓர் ஆடும்தான் இருந்தன. புல்லுக்கட்டோடு போன ஓர் அம்மா நின்று, "யாருக்குங்க காத்துக்கினு இருக்கீங்க?" என்றாள்.

உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. நீ போனதற்கப்புறம் தையல் சிரித்தது அன்றைக்குத்தான். "உள்ள மறைச்சது ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் மாட்டிக்கினா என்னைக் கேக்கக் கூடாது." நானும் சிரித்தேன். அப்போது எனக்குப் புரியவில்லை.

இரண்டு மணி நேரத்தில் போகிற தூரம், மூன்று நாள் ஆனது. அவள் உள்ளேயிருந்து தகரத்தைத் தட்டினால் நிறுத்த வேண்டும். பிள்ளைச்சாவடியில் தட்டினாள். மீன் கூடையோடு வந்த ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து, "கட்டிலு, அடுப்பு எல்லாம் கீது. மாமியா மட்டும் காணோமே!" என்றாள். "அதான் ஊரை வுட்டு ஓடியாந்தோம்" என்றாள் உன் தங்கை. கூடையில் இருந்ததில் பாதியை வாங்கிவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு நானும் சாய்ந்தேன். உன் கட்டில் அது. கண் திறந்தபோது சன்னல் முழுக்கக் கடல். அலை வர வர வண்டி நகர்கிற மாதிரியே இருந்தது. கட்டுமரம் நின்றது, நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். எந்த ஊர் தாண்டினோம் என்று கேட்க வாயெடுத்தேன், மச்சான். யாரைக் கேட்கப் போனேன்?

மறுநாள் காலாப்பட்டுப் பக்கம் சவுக்குத் தோப்பு. மரங்கள் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன. மணி பார்க்கவில்லை. சரக்கு நினைப்பு வரவில்லை. தையல் தலையைக் கோதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இவ்வளவு நரைத்ததை எப்போது கவனிக்காமல் விட்டேன்?

மூன்றாம் நாள் காலையில் மரக்காணம். உப்புப் பாத்திகளில் வானம் அப்படியே விழுந்து கிடந்தது. இறங்கிப்போய்க் கதவைத் திறந்தேன். தையல் பாத்திரம், பாய், துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, மடியில் சன்னல் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மூட்டைய வேனுக்கு மாத்திடட்டுங்களா?"

"உனக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? நீங்க எதுக்குப் பெயிண்ட் அடிச்சாலும் அது அடுத்த வாரம் நம்ம வீட்ல இருக்காது. முப்பது வருசமா பாக்கறேன்."

"தெரிஞ்சுமா வந்தே?"

"அண்ணன் கூப்பிட்டப்போ நீங்க வரலை. விக்கறதுக்காவது ஒரு தடவை வந்தீங்களே. அது போதும்னு ஏறினேன்."

அதற்குள் உப்பள முதலாளி வந்துவிட்டார். தகரத்தை விரலால் தட்டிப் பார்த்தார். கட்டிலைப் பிடுங்கிவிடலாம், சன்னலைப் பலகை வைத்து அடைத்துவிடலாம், இல்லாவிட்டால் உப்புத் தூசி வரும் என்றார். தையல் மடித்த துணியை மூட்டைக்குள் செருகினாள். அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"ஐயா, வண்டி விக்கறதுக்கில்ல" என்றேன்.

"பேசி முடிச்சோமே மொதலாளி? இதுல ஏறி ஊரு சுத்தப் போறீங்களா, இந்த வயசுல?"

"ஆமா."

கண்டபடி பேசினார். பேசட்டும், தப்பு என் பேரில்தான். கொடுத்த வாக்கை நான் மாற்றியது வியாபாரத்தில் அது ஒன்றுதான். வெட்கமாக இருந்தது, ஆனால் வருத்தமாக இல்லை. திரும்பிப் பார்த்தேன். உன் தங்கை மூட்டையை அவிழ்த்துச் சன்னல் துணியை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

வண்டி இப்போது நம் வீட்டு வாசலில் நிற்கிறது. பெரியவன் சரக்கு ஏற்ற வேன் கேட்டான். "அடுத்த மாசம் பாக்கலாம்டா" என்று சொல்லிவிட்டேன்.

பொங்கல் கழிந்ததும் காரைக்கால் போகிறோம், மச்சான். ஆறு கடலில் சேர்கிற இடத்திலேயே நிறுத்துகிறேன். தையலுக்கு ஒரு கட்டில். சன்னல் பக்கக் கட்டிலில் உன் தலையணையை வைக்கச் சொல்லியிருக்கிறேன். நான் வண்டிக்கு அடியில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வேன். சத்தியம்.

மூன்று தடவை கூப்பிட்டும் வராமல், இப்போது வருகிற
உன் தங்கை புருஷன்,
முருகேசன்