காலாவதியான பாலிசிகளின் பெட்டி

பாய்,

இன்று காலை வண்டிக்கு ஆயில் மாற்றப் போயிருந்தேன். மெக்கானிக் பழைய ஆயிலை வடித்து, கொண்டுபோய் ஷெட்டுக்குப் பின்னால் மண்ணில் ஊற்றினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஷார்ஜாவும் நீங்களும் வந்து நின்றீர்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. படிக்க நீங்கள் இல்லை என்பதால்தான் இப்போது எழுதத் துணிந்தேன் போலிருக்கிறது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நம் கம்பெனி ஷெட்டில் கிரேனும் புல்டோசரும் பிரித்துக் கழுவிய கழிவு ஆயில் பூமிக்கடியில் ஒரு டேங்கில் சேரும். நீங்கள் ஸ்டோர் கீப்பர், நான் ஆபீஸ் கிளார்க். முவைலாவில் கம்பெனி கொடுத்த ரூமில் உங்கள் கட்டில் கீழே, என்னுடையது மேலே. எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட மாட்டீர்கள் நீங்கள். "கல்யாணப் பத்திரிகையக்கூட வச்சிருப்பீங்களா பாய்? அதுவும் எக்ஸ்பயர் ஆயிருக்குமே" என்று கிண்டல் செய்வேன். "அது எக்ஸ்பயரே ஆகாது மாப்ளே, அதான் வெவகாரமே" என்பீர்கள். ரூமே சிரிக்கும்.

எனக்கோ தேதிதான் எல்லாம். விசா, லேபர் கார்டு, ஹெல்த் கார்டு, எதற்கும் ஒரு கடைசி நாள் உண்டு, அது தாண்டினால் கலாஸ். தேதி முடிந்த காகிதத்தைக் கையில் வைத்திருப்பதே வம்பு என்று நினைத்தவன் நான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் இருக்கும். நான் லீவில் ஊருக்குப் புறப்பட்ட சமயம் நீங்கள் ஓமானில் சோஹார் சைட்டுக்குப் போயிருந்தீர்கள். ஸ்டோர் சாவியை மேனேஜருக்குத் தெரியாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள், அவசரத்துக்கு ஆகட்டும் என்று. ஊருக்குப் போகிறவனுக்கு டிக்கெட்டைவிட நல்ல அட்டைப்பெட்டி கிடைப்பதுதான் பெரும்பாடு என்பது உங்களுக்குத் தெரியாததா? ஏர்போர்ட்டில் எப்படித் தூக்கி எறிந்தாலும் வாய் பிளக்காத பெட்டி வேண்டும். மூன்றாவது ரேக்கில், ஃபில்டர்களுக்குப் பின்னால், அப்படி ஒரு கெட்டிப் பெட்டி இருந்தது. திறந்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கம்பெனி இன்சூரன்ஸ் பாலிசிகள். எல்லாம் தேதி முடிந்தவை. அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பெட்டியில் கம்பளியும் சோப்பும் பால்பவுடரும் அடுக்கிக் கயிறு கட்டி, என் பெயரைப் பெரிதாக எழுதினேன்.

நான் திரும்பி வந்த சில மாதத்தில் ஷெட் இடத்தின் சொந்தக்காரர் நிலத்தைக் காலி செய்யச் சொன்னார். தோண்டிப் பார்த்தால் டேங்க் எப்போதோ ஓட்டை. ஆள் உயரத்துக்கு மண் கறுத்துக் கிடந்தது. மண்ணை அள்ளிச் சுத்தம் செய்து கொடுத்தால்தான் ஆயிற்று என்று உத்தரவு வந்தது. அப்போதுதான் இன்சூரன்ஸ் புரோக்கர் ஆபீஸிலிருந்து அந்த மலையாளி வந்தார். "பழைய பாலிசி உண்டோ? டேட் கழிஞ்சாலும் குழப்பமில்லா. எந்த வருஷம் ஆயில் ஒழுகி மண்ணு கெட்டதோ, அந்த வருஷத்துப் பாலிசிதான் காசு தரணும். புதுப் பாலிசியில மண்ணுக் கேஸ் எடுக்க மாட்டாங்க. பழசுல அப்படி ஒண்ணும் எழுதலை."

உங்கள் முகம் பூத்துவிட்டது. "இருக்கு சார், நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று ஸ்டோருக்கு ஓடினீர்கள்.

மூன்று நாள் தேடினோம். தேடினோம் என்றா சொல்கிறேன்? நீங்கள் தேடினீர்கள். நான் ஏணியில் ஏறி, இல்லாதது தெரிந்தே ஒவ்வொரு ரேக்காகத் தடவிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் கேட்டீர்கள்:

"நான் சோஹார்ல இருந்தப்ப நீ எதையும் எடுத்தியா மாப்ளே?"

"இல்ல பாய்."

அதற்கப்புறம் நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை. நம்பிவிட்டீர்கள். மேனேஜர், "சாபி கிஸ்கே பாஸ் தீ?" என்று கத்தியபோது, "மேரே பாஸ் ஹி தீ, சாப்" என்றீர்கள். சாவி உங்களிடமே இருந்தது என்றீர்களே தவிர, என்னிடம் இருந்ததைச் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த மாதம் என் விசா புதுப்பிக்க வேண்டும்.

காகிதம் இல்லாமல் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது. செலவெல்லாம் கம்பெனி தலையில் விழ, உங்கள் விசாவைக் கேன்சல் செய்தார்கள். பதினேழு வருஷ சர்வீஸ். ஏர்போர்ட்டுக்கு வந்து வழியனுப்பினேன், அதற்கும் வெட்கமில்லாமல். "நீயாவது பாத்து இரு மாப்ளே, எனக்கு ஞாபகம் கொறஞ்சு போச்சு" என்றீர்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

நீங்கள் மவுத்தான செய்தி போன வருஷம் வந்தது. உங்கள் வீட்டம்மா நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்த பிறகு, உங்கள் ஊர் தொண்டிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன், நம்புங்கள். டீ கொடுத்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார்.

"கடைசி வரைக்கும் அந்தப் பெட்டி நெனப்புத்தாண்ணே அவுகளுக்கு. சாப்பிட்டுக்கிட்டே இருப்பாக, திடீர்னு, 'மூணாவது ரேக்குலதான வச்சேன்'பாக. கடையில கணக்கெழுதக் கூப்பிட்டாக, போகல. 'எம் புத்திய நானே நம்ப மாட்டேன், ஊரான் பொருள எப்படிப் பாப்பேன்'னுட்டாக. நீங்க கூடத்தான இருந்தீக, எங்கதான்ணே போயிருக்கும் அது?"

டீயைக் கீழே வைத்தேன்.

"தெரியலயேம்மா" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது அது. உங்களிடம் ஒரு தரம், உங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு தரம். பஸ் ஏறிய பிறகும் இறங்கித் திரும்பப் போகலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன். இறங்கவில்லை. இந்தக் கடிதத்தையும் அவருக்கு அனுப்புவேனா தெரியாது. என் லட்சணம் எனக்குத் தெரியும்.

உங்கள் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை பாய். மூன்றாவது ரேக்கில்தான் வைத்திருந்தீர்கள்.