கோட்டுக்குப் பின்னால் ஓர் அடி

என் செண்பகத்தின் அப்பாவுக்கு,

புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்றே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் ஒருநாளும் சொல்லவில்லை. நீங்கள் என்னவோ ஐம்பதைத் தொடாமலே கிளம்பிவிட்டீர்கள். நான்கு வருஷமாகியும் பழக்கதோஷம், உங்கள் பேர் வாயில் வரமாட்டேன் என்கிறது. அதனால் மகள் பேரை முன்னால் போட்டே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் மகள் பேர் உலகத் தரவரிசைப் பட்டியலில் ஏறிவிட்டது. மெயின் ரோட்டில் இப்போது இரண்டு ப்ரௌசிங் சென்டர் வந்திருக்கிறது. அதில் ஒன்றில் உட்கார்ந்து நானே தேடிப் பார்த்தேன். எத்தனாவது இடம் என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கம் பக்கமாகத் தள்ளி, கை வலித்த பிறகுதான் வந்தது. ஆனால் வந்தது. செண்பகவல்லி என்று இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் பரீட்சை ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தவரையும் படிக்கச் சொன்னேன். "பாஸா அக்கா?" என்றார். "பாஸ்தான்" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சந்தோஷப்படுவார்கள். நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியாதா? பிள்ளை கோப்பையோடு வாசலில் நிற்கும்போதே, "அது கெடக்கட்டும், தப்பு எங்கன விட்ட?" என்று கேட்டவர் நீங்கள். இன்றைக்குக் கடிதம் எழுதுவது நான். முதலில் நல்லதைச் சொல்வேன், பிறகுதான் தப்பு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பந்து தரையில் பட்டு எகிறி வரும்போதே அடித்துவிடுகிறாள். அது உச்சிக்குப் போய் இறங்கட்டும் என்று காத்திருப்பதில்லை. எதிரே நிற்கிறவள் அடித்துவிட்டு நிமிர்வதற்குள் பந்து திரும்பி அவள் காலடிக்கு வந்துவிடுகிறது. பத்தொன்பது வயதில் இப்படி ஒரு கண் எல்லோருக்கும் வாய்க்காது என்று சென்னைக் கோச் சொல்கிறார். எதிராளியின் சர்வீஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் பயமில்லை. ஐந்து கேம் பின்தங்கினாலும் தோளைத் தொங்கப்போடுவதில்லை. இதெல்லாம் உங்கள் ரத்தம். ஹாக்கி மட்டையைத் தவிர வேறு மட்டை தெரியாத ஊரில், காலேஜில் ஆடிய டென்னிஸை மறக்காமல் மகள் கையில் கொடுத்தவரின் பிடிவாதம்.

இப்போது தப்பு. முதல் சர்வீஸ் புலி, இரண்டாவது சர்வீஸ் பூனை. ஒரு பாயிண்ட் போனால் அந்தக் கோபத்திலேயே அடுத்த இரண்டையும் தானம் செய்துவிடுகிறாள். இந்தக் குணம் உங்களிடமிருந்து வந்ததா, என்னிடமிருந்தா என்ற சண்டையை இப்போது வைத்துக்கொள்ள வேண்டாம். வலைக்குப் பக்கத்தில் போனால், கல்யாண வீட்டில் யாரும் உட்காரச் சொல்லாத ஆள் மாதிரி நிற்கிறாள். இதையெல்லாம் உட்கார்ந்து சரிசெய்தால் சரியாகிவிடும் என்கிறார் கோச்.

ஆனால் இன்னொன்று இருந்தது. அது சரியாகாமல் போயிருந்தால் பட்டியலும் இல்லை, இந்தக் கடிதமும் இல்லை. அதில் பாதித் தப்பு உங்களுடையது, பாதி என்னுடையது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். நாளைக்கு இந்தக் கடிதத்தை எடுத்துப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், அதனால் இங்கே நீங்கள் ‘இவர்’. மகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்க இவர் முதலில் நம் கரிசல் காட்டில் ஓர் இடத்தைச் சமன்படுத்தி உருளை ஓட்டினார். சித்திரை வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்து, பந்து வெடிப்புக்குள் இறங்கிவிட்டது. மழை பெய்ததும் பிள்ளையின் செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது. கடைசியில் எங்கள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி காயப்போடும் சிமெண்ட் களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். சரக்கு வைக்கும் கிட்டங்கியின் சுவர்ப் பக்கம் இவர் நிற்பார், எதிர்ப்பக்கம் மகள். அவள் நிற்கிற கோட்டுக்குப் பின்னால் இரண்டடி தள்ளிக் களம் முழுக்கக் குச்சி காயும். பொழுது சாய்ந்த பிறகுதான் அள்ளுவார்கள். இவர் ஆடுவதோ சாயங்காலம் ஐந்து மணிக்கு.

"ஏட்டி செண்பகம், மிதிச்சிராதட்டி! ஒடிஞ்ச குச்சியை எந்தக் கட்டையில அடுக்க?" என்று கழுகுமலை பஸ்ஸில் வேலைக்கு வந்து, மருந்தில் முக்குவதற்காகக் கட்டையில் குச்சி அடுக்குகிற முத்தம்மா கத்துவாள். நீங்களும் அந்தப் பக்கமிருந்து, "கோட்டுக்குப் பின்னால ஓர் அடி வைக்கக் கூடாது!" என்று கத்துவீர்கள். எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? கோட்டிலேயே நின்று, எந்தப் பந்து வந்தாலும் எகிறும்போதே அடிக்கப் பழகிக்கொண்டது.

அதோடு விட்டீர்களா? மதுரையில் சின்னப் பிள்ளைகள் போட்டியில் ஜெயித்தபோது, உங்கள் மகள் ஏன் பின்னால் போவதே இல்லை என்று ஒரு நிருபர் கேட்டார். நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அது எங்க உத்தி. பயந்தவன்தான் பின்னால போவான்" என்றீர்கள். பேப்பரில் அது கொட்டை எழுத்தில் வந்தது. ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அதை வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினீர்கள். நான் சாப்பாடு போட்டுக்கொண்டே, "இது எப்பம்ங்க உத்தியாச்சு?" என்று கேட்டேன். "பின்னே, குச்சி ஒடிஞ்சிரும்னு பேப்பர்ல சொல்ல முடியுமா?" என்று சொல்லிப் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தீர்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உங்கள் புளுகு வருஷக்கணக்கில் ஓடியது.

பிள்ளை அதை நம்பினாள். அதுதான் சங்கடம்.

நீங்கள் போன பிறகு அவள் சென்னைக்குப் போனாள். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பெரிய பெண்களோடு ஆடும் போட்டிகளுக்கு வந்ததும் அவர்கள் இவள் ஆட்டத்தைப் படித்துவிட்டார்கள். பந்தை உயரமாகத் தூக்கி, கோட்டுக்குப் பக்கத்தில் விழுகிற மாதிரி போட்டார்கள். அது தோளுக்கு மேல் எகிறும். நான்கடி பின்னால் போய் இறங்கவிட்டு அடித்தால் சாதாரணப் பந்து. இவள் போகமாட்டாள். கோட்டிலேயே நின்று எக்கி எக்கி அடித்து வெளியே விடுவாள்.

கோச் எனக்குப் போன் செய்தார். "அம்மா, பின்னால போகச் சொன்னா அழுறா. அப்பா சொன்னதுங்கறா. நீங்க சொன்னாத்தான் கேப்பா."

அன்றைக்கே அவளும் பேசினாள். "அப்பா சொன்னத நான் மாத்தணுமாம்மா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எனக்கு எல்லாம் தெரியும். அந்தச் சாப்பாடும் சிரிப்பும் நேற்று நடந்த மாதிரி நினைவிருந்தது. இருந்தும், "மாத்தாத. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? உங்களைப் பெரிய ஆளாகவே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்ற ஆசைதான். நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள் பேச்சாவது நிற்கட்டும் என்று நினைத்தேன்.

அது ஒரு முழு வருஷத்தைத் தின்றுவிட்டது. போன இடமெல்லாம் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. தீபாவளி கழிந்து ஒருநாள் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "போதும்மா. எனக்கு அவ்வளவுதான் வரும் போலிருக்கு. இங்கனயே ஆபீஸ்ல ஒனக்குத் துணையா இருக்குதேன்" என்றாள். திறமை இல்லாமல் திரும்பி வந்தால் பரவாயில்லை. உங்கள் புளுகாலும் என் வாயாலும் திரும்பி வந்திருக்கிறாளே என்று இருந்தது.

மறுநாள் காலை அவளைக் களத்துக்குக் கூட்டிப்போனேன். நல்ல வெயில். குச்சி பரப்பிக் கிடந்தது. நான் செருப்புக் காலோடு அதன் மேல் ஏறி நடந்தேன். நொறுநொறுவென்று சத்தம்.

"எக்கா! என்ன செய்யுதீய?" என்று முத்தம்மா ஓடிவந்தாள்.

"கேட்டியாட்டி சத்தத்த?" என்று மகளிடம் கேட்டேன். "இதுக்குத்தான் அப்பா பின்னால போவாதன்னாவ. உத்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. குச்சி ஒடியக் கூடாது, அம்புட்டுத்தான்."

"அப்ப, பயந்தவன்தான் பின்னால போவான்னு சொன்னது?"

"பேப்பர்க்காரருக்குச் சொன்னது."

"அப்பா என்னைய ஏமாத்தினாங்களா?"

"ஏமாத்தல. ஒனக்கு ஒரு கோர்ட்டு கெட்டித்தர முடியலங்கிறத வெளியில சொல்ல வெக்கப்பட்டாவ."

சரியாகத்தானே சொன்னேன்? நீங்கள் சிரித்த சிரிப்புக்குள் அந்த வெட்கம் இருந்தது எனக்குத் தெரியும்.

அவள் குனிந்து ஒடிந்த குச்சி ஒன்றைக் கையில் எடுத்தாள். பிறகு, "ஒனக்கு இது தெரியும்லா? போன்ல கேட்டேனே, ஏன் சொல்லல?" என்றாள். "தப்புத்தான்" என்றேன். பெற்ற பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் மட்டையோடு வந்து நின்று, "அம்மா, இன்னைக்கு மட்டும் குச்சிய அந்தப் பக்கம் போடச் சொல்லு" என்றாள். வெறும் களத்தில் கோட்டுக்குப் பின்னால் போய்ப் போய் நின்று பார்த்தாள். அந்த வாரமே சென்னைக்குக் கிளம்பினாள். "பின்னால கால வச்சா உள்ளங்கால் கூசுதும்மா, சத்தம் கேக்குத மாதிரியே இருக்கு" என்று போனில் சொன்னாள். "கூசினா கூசட்டும், போ" என்றேன்.

போன மாதம் பெங்களூரில் போட்டி. நானும் போயிருந்தேன். எதிரே தாய்லாந்துப் பெண், பேர் நம் பிள்ளை பேரைவிட நீளம். இரண்டு பேரையும் கூப்பிடுவதற்குள் நடுவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் அந்தப் பெண்ணும் மற்றவர்கள் மாதிரியே பந்தைத் தூக்கிப் போட ஆரம்பித்தாள்.

நம் மகள் ஓர் அடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓர் அடி. பிறகு விறுவிறுவென்று போனாள், பின்னால் கட்டியிருந்த பச்சைத் திரையில் முதுகு உரசுகிற அளவுக்குப் போனாள். பந்து இறங்கும்வரை பொறுத்திருந்தாள். அவள் பொறுமையாக நின்று நான் பார்த்ததே இல்லை. திருப்பி அதே மாதிரி உயரமாக அனுப்பினாள். அந்தப் பெண் எதிர்பார்க்காமல் அவசரப்பட்டு வலையில் அடித்தாள். அதற்குப் பிறகும் நம்மவள் பல பாயிண்டைக் கோட்டை விட்டாள், இரட்டைத் தப்பு சர்வீஸும் போட்டாள், நீங்கள் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் ஜெயித்துவிட்டாள். நான் எழுந்து நின்று கத்தினேன். எனக்கு வெட்கமே இல்லை. என் மகள், என் மகள் என்று தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னேன்.

வெளியே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அம்மா, அப்பா பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?"

இந்த நான்கு வருஷமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருக்கும். அப்பா இப்படிச் சொல்வார், அப்படிச் சொல்வார் என்று உங்கள் வாயில் என் பேச்சை வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன்.

"அவிய என்ன சொல்லுவாவன்னு எனக்குத் தெரியாது தாயி. நான் சொல்லுதேன் கேளு. நல்லா ஆடுன."

அவள் தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். தோற்ற வருஷம் முழுக்க என் முன்னால் ஒருநாள்கூட அழாதவள்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி அவளிடம் உங்கள் பேரில் நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். நல்லதோ தப்போ, என் கண்ணால் பார்த்து என் வாயால் சொல்வேன். நீங்கள் நிம்மதியாக அவளுக்கு அப்பாவாக மட்டும் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேரைச் சொல்லாத வீட்டுக்காரி,
செண்பகத்தின் அம்மா