என் மருமகளின் ரத்தப் பரிசோதனை முடிவை அவள் கையிலேயே தரக் கோரி

அனுப்புநர்
க. பாவாயி,
காளியண்ணன் மனைவி,
மல்லசமுத்திரம்,
திருச்செங்கோடு வட்டம்.

பெறுநர்
தலைமை மருத்துவ அதிகாரி அவர்கள்,
கைலாசம் நினைவு தர்ம ஆஸ்பத்திரி,
அஸ்தம்பட்டி, சேலம்.

பொருள்: குழந்தைப்பேறு சிகிச்சையில் இருக்கும் சௌந்திரத்தின் ரத்த முடிவைப் புருஷன் வரும்வரை பூட்டி வைப்பதை நிறுத்துவது குறித்து.

மரியாதைக்குரிய டாக்டர் ஐயா,

1. நான் மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

2. என் மருமகள் சௌந்திரத்துக்கு ஆறு வருஷம் குழந்தை இல்லை. தங்கள் ஆஸ்பத்திரியில் கருக்குழாய் அடைப்பு எடுத்து, மாத்திரை கொடுத்து, போன வருஷம் பங்குனியில் நாள் தள்ளியது. அடைப்பு எடுத்த குழாய் என்பதால் கரு அதிலேயே சிக்கலாம் என்று டாக்டரம்மா இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையில் உட்கார்ந்த கருவென்றால் ரத்தத்தில் கர்ப்பம் காட்டும் எண் இரட்டிப்புக்குப் பக்கமாக ஏறுமாம்.

3. முடிவு 18.4.86 அன்றே வந்துவிட்டது. முதல் எண் 620, இரண்டாவது 690. ஆபரேஷனுக்குப் பிறகு கவரைத் திறக்கும்வரை இது எங்களுக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. புருஷன் கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் கவர் டாக்டரிடம் போகும் என்பது தங்கள் ஆபீஸ் வழக்கம். என் மகன் நாச்சிமுத்து அப்போது நாக்பூர் தாண்டி லோடு ஓட்டிக்கொண்டிருந்தான். லாரிக்காரனை மாதத்தில் நாலு நாள் பார்த்தால் அது எங்களுக்குப் பண்டிகை.

4. கிளார்க் சண்முகவேல் நல்ல பிள்ளை. "ஊட்டுக்காரரு வராம கவரத் தர முடியாதுங்கம்மா" என்றார். "அந்த ரத்தம் எம் மருமவ கையில எடுத்ததா, எம் மவன் கையில எடுத்ததா சாமி?" என்றேன். "ரூலுங்க" என்றார். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அதே ரூல்தான் உட்கார்ந்திருந்தது.

5. சௌந்திரம் தோள் வலிக்கிறது என்றாள். பால் கறந்ததில் பிடித்துக்கொண்டது என்று நான்தான் தைலம் தேய்த்தேன். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் தோளில் வலிக்கும் என்று டாக்டரம்மா பிறகுதான் சொன்னார்கள். அது என் தப்பு, மறைக்கவில்லை. அந்தக் காகிதம் கையில் இருந்திருந்தால் தைலத்தைத் தொட்டிருக்க மாட்டேன். 27-ஆம் தேதி மாட்டுக் கொட்டகையில் விழுந்தாள். குழாய் வெடித்து வயிறெல்லாம் ரத்தம். நாலு பாட்டில் ரத்தம் ஏற்றி, வலது குழாயை எடுத்து, உயிரைத் தந்தீர்கள். அதற்குக் கும்பிடுகிறேன். ஒன்பது நாள் கவரைப் பூட்டி வைத்ததற்குக் கும்பிட மாட்டேன்.

6. இப்போது மறுபடி நாள் தள்ளியிருக்கிறது. இருப்பது ஒரே குழாய். திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தாள், இன்றும் கொடுத்திருக்கிறாள். முடிவு வெள்ளிக்கிழமை வருமாம். என் மகன் கௌஹாத்தி போயிருக்கிறான், வர இருபது நாளாகும். அவன் எங்கே இருந்தால் என்ன, அவன் வயிற்றில் ஒன்றுமில்லை.

7. ஆகவே முடிவு வந்த அன்றே டாக்டரம்மா பார்த்து, எண்ணைச் சௌந்திரத்திடமே சொல்லும்படி உத்தரவு போட வேண்டும். அவள் பத்தாவது பாஸ், எண் படிக்கத் தெரியும்.

8. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் வருகிறோம். கவர் கைக்கு வரும்வரை தங்கள் அறை வாசலை விட்டு எழமாட்டோம். போசியில் தங்களுக்கும் சேர்த்துச் சோறு எடுத்து வருகிறேன். எங்களைத் தாண்டித் தாங்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போவது கஷ்டம்.

இப்படிக்கு,
க. பாவாயி

இடம்: மல்லசமுத்திரம்
நாள்: 11.3.1987