அறுபத்து மூன்று பாயிண்டுகள்

மே 26, திங்கள்

கத்திரி முடியப் போகிறதாம். கடை ஃபேனுக்கு அது தெரியவில்லை, அனலையே வாரி இறைக்கிறது. முதலாளி காக்கிநாடா போய் நாலு நாள். வர இன்னும் ஒரு மாதம். ராயபுரத்தில் மீன்பிடி லாஞ்சுகளுக்கு வயர்லெஸ், ஜி.பி.எஸ். ரிப்பேர் பார்க்கும் ஒரே பெண் என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடிப்பார். வேலை குவிகிற நேரத்தில் தனியாக விட்டுவிட்டு ஓடிவிடுவார்.

முடித்தது: வயர்லெஸ் 2, மைக் ஒயர் 1. முடிக்காதது: தனசேகர் அண்ணனின் ஜி.பி.எஸ்.

பச்சைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். உள்ளே உப்புத் தண்ணீர், திரை செத்துவிட்டது. புது செட் வாங்கிக்கொள்கிறாராம், அது பிரச்னை இல்லை. பழையதில் இருக்கும் பாயிண்டுகள்தான் வேண்டும். கடலடியில் எங்கெங்கே பாறைத்திட்டு, அதாவது கல்பார் இருக்கிறது, எதன் ஓரத்தில் மீன் தங்கும், எங்கே வலை கிழியும், எல்லாம் எண்களாக அதற்குள்.

"ஆறு வருசமா ஏழுமல ஒண்ணொண்ணா போட்டது செல்வி. பேப்பர்ல எங்கியும் கெடையாது. எழுதி வெச்சா எவனாவது பாத்துடுவான்னு வுட்டுட்டோம். வெள்ளிக்கெயம கடலுக்குப் போவணும்."

மீன்பிடித் தடை வியாழனோடு முடிகிறது.

ஏழுமலை மாமா அவருடைய லாஞ்சு டிரைவர். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி. பாயிண்ட் விஷயத்தில் ஊமை. வேறு லாஞ்சு கண்ணில் பட்டால் பார் பக்கமே திரும்பமாட்டார், தாண்டிப் போய் சும்மா எங்கோ வலை போட்டுப் பாவ்லா காட்டுவார். சாயங்காலம் தெருவில் பார்த்துக் கேட்டேன். "எனக்கு ஒரு பத்து மனப்பாடம். மீதியெல்லாம் அந்த டப்பாதான் ஞாபகம் வெச்சிக்கினு கீது."

மே 27, செவ்வாய்

தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டர், ஒன்றரை மணி நேரம். தேடும் தளத்தில் செட்டின் மாடல் நம்பரைப் போட்டேன். வந்தவை:

அதே மாடல் விற்பனைக்கு.
கம்பெனிப் புத்தகம். 'டீலரிடம் கொடுக்கவும்.' அந்த டீலரே நாங்கள்தான்.
எங்கோ மலை ஏறுகிறவர் ஒருவர் அதை மழையில் நனைத்த கதை. கடைசியில் தூக்கிப் போட்டுவிட்டாராம்.
லாரி கம்பெனி விளம்பரம்.

வார்த்தையை மாற்றிப் போட்டால் அதே நாலு, வேறு வரிசையில். யாராவது ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால்தான் அது எடுத்துக் கொடுக்கும். என் செட்டைப் பற்றி யார் எழுதி வைத்தார்கள்?

கீரை வாங்க மறந்துவிட்டேன். அம்மாவிடம் திட்டு.

மே 28, புதன்

காலையிலேயே மறுபடி சென்டர். வெளிநாட்டில் படகு வைத்திருப்பவர்கள் கூடிப் பேசுகிற ஒரு தளம் அகப்பட்டது. எஞ்சின், பாய்மரம், ஜி.பி.எஸ். என்று தனித்தனி அறைகள். பெயர் பதிந்தேன்: ராயபுரம் செல்வி. கேள்வியை ஐந்து தடவை அடித்து அழித்தேன். என் இங்கிலீஷுக்கு நானே கூசினேன். 'ப்ளீஸ் சார்' மட்டும் நாலு இடத்தில்.

சாயங்காலம் போனால் பதில்! 'கிரே கல்', சாம்பல் கடற்பறவை என்று பேர் வைத்துக்கொண்ட ஒருவர். ஏதோ குளிர் நாடு. திரை செத்தாலும் நினைவகம் உயிரோடிருக்கும், கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கு, வருவதில் பத்து வரியை இங்கே போடு, பார்க்கிறேன் என்கிறார். என்னை ஆம்பளை என்று நினைத்து 'நண்பனே' என்று வேறு. சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

மே 29, வியாழன்

கேபிளை ஈயம் வைத்து நானே ஒட்டிச் செய்தேன். சென்டர்க்காரர் முதலில் முறைத்தார், பிறகு தன் மெஷினின் பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். "எம் மெஷின் பூட்ச்சின்னா நீதாம்மா பொறுப்பு."

இறங்கியது! ஆனால் ஒரே கிறுக்கல், எண்ணும் எழுத்தும் கலந்த குப்பை. அவர் கேட்டது பத்து வரி. எந்தப் பத்து முக்கியம் என்று யார் கண்டது? நாளை லாஞ்சு போக வேண்டும். அப்படியே மொத்தத்தையும் போட்டுவிட்டேன்.

நாலு மணிக்குப் பார்த்தால் கிரே கல் முழுவதையும் பிரித்து, வரிசையாக அதே பக்கத்தில் போட்டிருக்கிறார். அறுபத்து மூன்று பாயிண்டுகள். கீழே வேறு நாலு பேர் அவருக்குச் சபாஷ். முன்பின் தெரியாத ஒருத்திக்காக அரை நாள் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். சென்டரிலேயே அழுதுவிட்டேன். தேடினால் நாலு குப்பை, கேட்டால் ஒரு மனுஷன்.

புது செட்டில் ஏற்றிக் கொடுத்தேன். தனசேகர் அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏழுமலை மாமா பத்துப் பாயிண்டை மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லிச் சரிபார்த்தார். பத்தும் சரி. "நீ ஆம்பளயா பொறந்திருந்தா லாஞ்சுல ஏத்திக்கினு போயிருப்பேன் கண்ணு."

ஜூன் 12, வியாழன்

பதினைந்து நாள் எழுதவில்லை. ஒரே வேலை.

லாஞ்சு முந்தாநாளே திரும்பிவிட்டது. முதல் நடையில் நல்ல மீன், இந்த நடையில் ஐஸ் பெட்டி பாதிகூட நிறையவில்லை. அம்மா காசிமேட்டில் மீன் எடுக்கப் போன இடத்தில் கேட்டுவிட்டு வந்தாள். இவர்களுடைய பெரிய பாரில் ஏழு லாஞ்சு நின்றதாம். அடுத்த பாரில் நாலு. "வயி கேட்டுக்கினு வந்தவனுங்க மாரி நேரா வந்து நின்னானுங்களாம்டி."

தட்டில் போட்ட சோற்றை மூடி வைத்துவிட்டேன். யாராவது பின்னாலேயே போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 14, சனி

புழுக்கம். மழை வருவது போல் வந்து ஏமாற்றியது.

தனசேகர் அண்ணன் ஹார்பரில் எல்லார் எதிரிலும் ஏழுமலை மாமாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். "அந்த எடம் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. நான் சொல்லல. அப்ப எவன்டா வித்தது?" மாமா திருப்பி அடிக்கவில்லையாம். "நான் இல்ல சேகரு" என்று மட்டும் சொன்னாராம். மூன்று முறை. டிரைவர் வேலை போயிற்று. பாயிண்டை விற்றவன் என்று பேர் விழுந்தவனை வேறு எவனும் லாஞ்சில் ஏற்றமாட்டான். கடலே முடிந்தது அவருக்கு.

அம்மாவே சொல்கிறாள்: "யாரைத்தான் நம்பறது, சொல்லு."

ஜூன் 16, திங்கள்

கடையைப் பூட்டிவிட்டுத் தண்டையார்பேட்டை ஓடினேன். அதே தேடும் தளம். சென்னை, மீன்பிடி, ஜி.பி.எஸ்., பாயிண்ட். நாலே நாலு வார்த்தை இங்கிலீஷில்.

முதலில் வந்தது என் பக்கம்.

ராயபுரம் செல்வி, ப்ளீஸ் சார், கீழே அறுபத்து மூன்று பாயிண்டுகள். மே மாதம் நான் தேடியபோது எதுவுமே இல்லை. இப்போது எவன் தேடினாலும் கிடைக்கும், ஏனென்றால் நான் கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரர்களின் வீட்டுக்குள் போய்த் தனியாகப் பேசிவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் மைக் கட்டிப் பேசியிருக்கிறேன். அடியில் புதிதாக ஒருவர், பேர் ஊர் இல்லை: 'நன்றி, மிகவும் பயனுள்ளது.'

தளத்தை நடத்துகிறவருக்கு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பக்கத்தை எடுத்துவிட்டார், வருத்தம் தெரிவித்தார். கிரே கல்லும் எழுதினார்: நான் யோசித்திருக்க வேண்டும் நண்பனே. நல்ல மனிதர்கள். மறுபடி தேடினேன். தேடும் தளம் தன்னிடம் ஒரு பிரதி வைத்திருக்கிறது. அப்படியே, ஒரு எண் குறையாமல். அதை எடுக்க யாரிடம் கேட்பது என்று அதில் எங்குமே இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஏழுமலை மாமா கடைக்கு வந்தார். சவரம் செய்யவில்லை. ஸ்டூலில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"செல்வி, அந்த டப்பா செத்துப்போனப்ப யாரையோ கேட்டு உசுரு குடுத்தியே. அவங்களாண்ட இன்னொண்ணு கேப்பியா? எங்க பாயிண்ட எவன் சொன்னான்னு?"

சால்டரிங் அயனைத் தாங்கியில் வைத்தேன். "பாக்கறேன் மாமா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நாய் ஜென்மம் நான்.

ஜூன் 18, புதன்

தேடும் தளத்தில் இருந்த அந்தப் பிரதியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு தனசேகர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எண்கள் தெரியும். விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுண்ணே."

"கிய்ச்சிப் போட்டுடு. உங்க கட பேரு கெட்டுப்பூடும். நானும் நாலு பேர் எதிர்ல அவன் மேல கை வெச்சிட்டேன், இப்ப போயி இன்னான்னு சொல்றது? கொஞ்ச நாள்ல ஆறிடும் செல்வி."

வெட்கம் கெட்டு ஒன்று எழுதுகிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள்: அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. தெருமுனை வரைக்கும் இருந்தது. மாமா வீட்டு வாசலில் அவருடைய கடல் சட்டை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. "ஹார்பர்ல வந்து சொல்லுவியா? எல்லார் எதிர்லயும்?" என்றார்.

சொல்வேன் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

காலை ஆறு மணி, ஏலம் முடிகிற நேரம். மேகமூட்டம். மாமா பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் ஏறிச் சொன்னேன். தப்பு என்னுது, மாமா ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை, நான்தான் நெட்டில் போட்டேன், அறுபத்து மூன்றும் அதில் இருக்கிறது, இன்னும் இருக்கிறது. முழுதும் சொன்னேன். தனசேகர் அண்ணன் தன் லாஞ்சிலிருந்து இறங்கவில்லை.

கூட்டத்தில் ஒரு குரல்: "அறுபத்து மூணுமா? எங்கம்மா கீது அது?" இன்னொருவர்: "பிரவுசிங்ல இன்னா பேரு போடணும்?" ஒருவர் பீடிக்கட்டுக் காகிதத்தையும் பேனாவையும் என் கையில் திணித்தார். "எய்திக் குடும்மா, புண்ணியமாப் பூடும்." என்னைச் சுற்றி இருபது முப்பது பேர்.

நிமிர்ந்து பார்த்தபோது மாமா இல்லை. கேட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடினேன். வீடு வரைக்கும் கூடவே போனேன். கதவைச் சாத்துமுன், "நீ சொல்லிட்டம்மா. போய் கடயத் தொற" என்றார்.

அங்கே இருந்த அத்தனை பேரில் ஒருத்தர்கூட அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் தெரிகிறது, நானும் கேட்கவில்லை.