வெட்டிய சிவப்புப் பட்டை

செவ்வாய்க்கிழமை, பாகூர்.

மாமாவை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. கடைத்தெரு காதர் பாய் பிளாஸ்டிக் அரிசி விற்கிறார் என்று ஊர் குரூப்பில் ஒரு படம் சுற்றியது. அது பொய் என்று நேற்றுத்தான் எங்கள் உண்மை சரிபார்ப்புத் தளத்தில் எழுதினேன். அதே படத்தைப் போட்டு, மேலே சிவப்புப் பட்டையில் ‘பொய்’ என்று குத்தியிருந்தேன். கீழே என் பெயர். அக்கா புருஷனான இந்த மாமா அந்தப் பட்டையை வெட்டிவிட்டு மிச்சத்தை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார்.

“ஏன் மாமா வெட்டுனீங்க?”

“படம் சின்னதா தெரிஞ்சுதும்மா. இன்னா இப்போ? நாலு பேரு உஷாரா இருந்துட்டுப் போறாங்க.”

“கீழ என் பேரு இருக்குது.”

“அதனாலதான் எல்லாரும் நம்புறாங்க” என்கிறார், எனக்குப் பெருமை தேடிக் கொடுத்தவர் மாதிரி. அவர் வீட்டு அரிசி மூட்டையும் பாய் கடையிலிருந்து வந்ததுதான்.

சாயங்காலம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று பையை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். ஐந்து கிலோ கேட்டேன். கடையில் வேறு ஆளே இல்லை. பாய் தராசைத் தொடவில்லை. போனைத் திருப்பி, பட்டை இல்லாத அந்தப் படத்தின் கீழே என் பெயரைக் காட்டினார்.

“உனுக்கு எதுக்கும்மா பிளாஸ்டிக் அரிசி?”