பாதிப் புட்டி கொய்யா வாசனை

ஜெர்சி சிட்டி
8 செப்டம்பர் 2024

அன்புள்ள மரகதத்துக்கு,

நான் சௌக்கியம், என் சமையல்தான் சுமார். நம் பெண் கயலை ஆஸ்டின் காலேஜில் விட்டுவிட்டு வந்தபின் ஃப்ரீமான்ட் வீட்டில் தனியாக எப்படி இருக்கிறாய் என்று ஃபோனில் கேட்டால் "ம்" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

இத்துடன் ஒரு சென்ட். பேரிக்காய், கொய்யா, ஆரஞ்சுத் தோல் எல்லாம் கலந்த வாசனை. ஆண்களுக்கா பெண்களுக்கா என்று கேட்டேன். இருவருக்கும்தான் என்றாள் கடைப் பெண். பாதியை ஒரு சின்னப் புட்டியில் பீய்ச்சி எனக்கு எடுத்துக்கொண்டேன். அதற்கே அரைமணி நேரம் ஆயிற்று. நான் வேலைக்காக இங்கே வந்த இந்த மூன்று வருடத்தில் நமக்கு எல்லாமே இரண்டாகிவிட்டது: குக்கர், இட்லித் தட்டு, இன்டர்நெட். இதாவது ஒன்றாக இருக்கட்டும்.

வங்கியில் என் காண்ட்ராக்டை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கிறார்கள். நவம்பர் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கயல் பள்ளி முடிக்கும்வரை என்றுதானே நீ அங்கே இருந்தாய்? இனி இங்கே வந்துவிடேன்.

அன்புடன்,
நஞ்சுண்டன்

ஃப்ரீமான்ட்
17 செப்டம்பர் 2024

அன்புள்ள நஞ்சுண்டனுக்கு,

சென்ட் உடையாமல் வந்தது. பெட்டிக்குள் இருந்த சீட்டையும் படித்தேன். இதைப் பூசுகிறவர் எதையும் திட்டமிடாதவராம், மனதில் பட்டதை உடனே சொல்பவராம், கூட்டத்தில் முதலில் சிரிப்பவராம். நம் இருவரில் யார் அது? நீங்கள் ஏர்போர்ட்டுக்கு நான்கு மணி நேரம் முன்னால் போகிறவர். நானோ ரசாயனம் படித்தவள். கொய்யா வாசனை என்பது எஸ்டர் என்ற சில ரசாயனங்கள். எஸ்டருக்குக் குணம் கிடையாது.

எங்கள் லேபுக்குள் எந்த வாசனையும் பூசிக்கொண்டு போகக்கூடாது. பதினோரு வருடமாக அதுதான் விதி. மறந்துவிட்டீர்கள். ஆகவே சனிக்கிழமை, மவ்ரி அவென்யூ கடைக்குப் போகும்போது பூசிக்கொண்டேன். பில் போடும் சாரதா, "என்ன ஆன்ட்டி, கொய்யாப்பழ பாக்ஸ் பூராவும் உங்ககிட்டதான் இருக்கா? வாசனை தூக்குது!" என்றாள். காருக்கு வந்தபிறகு சிரித்தேன். சீட்டின்படி அது ரொம்பத் தாமதம்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

மரகதம்

ஜெர்சி சிட்டி
26 செப்டம்பர் 2024

அன்புள்ள மரகதத்துக்கு,

லேப் விதியை மறந்தது என் தப்புதான்.

உனக்கு ஒரு செய்தி. தமிழ்ச் சங்க நாடகத்தில் மாமனார் வேஷம் போடுகிறேன். நம்ப மாட்டாய். ஒத்திகையில், டைரக்டர் கதிர் சொல்கிறான்: "சார், நீங்க காமெடிக்குன்னே பொறந்தவரு! இத்தனை நாள் எக்ஸல் ஷீட்டுக்குள்ள எதுக்கு சார் ஒளிஞ்சிருந்தீங்க?"

சென்ட் பூசியதால் நான் இப்படி ஆகவில்லை. இப்படி ஆனபிறகுதான் சென்ட் வாங்கவே தோன்றியது.

நீ "மற்றதை" என்று எழுதியது என் கேள்வியைத்தானே? வர மனமில்லையா, மரகதம்?

நஞ்சுண்டன்

ஃப்ரீமான்ட்
6 அக்டோபர் 2024

அன்புள்ள நஞ்சுண்டனுக்கு,

கேட்டுவிட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். கயலும் போனபின் வீடு வெறிச்சென்றிருக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அப்படி இல்லை. சாயங்காலம் வந்து ஒரு தோசை வார்த்துச் சாப்பிட்டுவிட்டு, யாரும் எதுவும் கேட்காத வீட்டில் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறதே என்று பயமாகவும் இருக்கிறது.

கயலிடம் சொன்னேன். "தட்ஸ் ஓகே அம்மா. பட் அப்பாகிட்ட சொன்னியா?" என்றாள். இப்போது சொல்லிவிட்டேன். உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கல்யாணமாகி இருபத்தொரு வருடம். கதிர் சொல்லும் அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை.

மரகதம்

ஜெர்சி சிட்டி
13 அக்டோபர் 2024

அன்புள்ள மரகதத்துக்கு,

இரண்டு நாள் வருத்தமாக இருந்தது. அப்புறம் யோசித்தேன். ஈரத் துண்டை நாற்காலியில் போட்டால் கேட்க ஆளில்லாத சுகம் எனக்கும் தெரியும்.

வேலையை விட்டுவிட்டு அங்கே வந்துவிடுகிறேன் என்று எழுத ஆரம்பித்து, கிழித்துப் போட்டேன். அங்கே வந்தால் பழைய நஞ்சுண்டன் ஆகிவிடுவேனோ என்று எனக்குப் பயம். ஆனால் நீ இல்லாமலேயே இங்கு காலத்தை ஓட்டவும் விருப்பமில்லை. இரண்டும் நிஜம்.

நாடகம் 26ஆம் தேதி. டிக்கெட் போடட்டுமா? பார்த்துவிட்டுத் திரும்பிப் போ. நான் எதுவும் கேட்க மாட்டேன்.

நஞ்சுண்டன்

ஃப்ரீமான்ட்
29 அக்டோபர் 2024

அன்புள்ள நஞ்சுண்டனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சொன்னபடியே இரண்டு நாளும் நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஏர்போர்ட்டில் பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போதுகூட.

மேடையில் சம்பந்திக்குப் பயந்து நீங்கள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தபோது எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த விஷாகா என்ற பெண், "உங்க ஹஸ்பண்டா? வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். ஜோக் என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அது ஜோக்காக இல்லை. விமானத்தில் ஆறு மணி நேரம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடுங்கள். ஜனவரியில் வருகிறேன். லேப் மேனேஜரிடம் இன்று சொல்லிவிட்டேன். நியூ ஜெர்சியில் இரண்டு லேப்களுக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று.

ஆனால் இப்போதுள்ள ஒற்றை அறை வீடு சரிவராது. இரண்டு அறை உள்ளதாகப் பாருங்கள், ஒன்று எனக்கு. மாடியா, ஜன்னல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். என் அறைக்குக் கதவு மட்டும் நன்றாகச் சாத்துவதாக இருக்க வேண்டும்.

தாழ்ப்பாள் வேண்டாம்.

அன்புடன்,
மரகதம்