மூழ்காத படகு

பருத்தித்துறை

அன்புள்ள அம்மா,

நான் வாசிக்க வாசிக்க, கீர்த்திகாவின் விரலும் வரியின் கீழே என் குரலோடு நகர்ந்ததை நேற்றுத்தான் கவனித்தேன். உங்கள் சின்ன மகள் வாசிக்கத் தொடங்கிவிட்டாள், அம்மா!

சந்தோஷத்தோடு பயமும் வந்தது. நீங்கள் குவைத்துக்குப் போன பிறகு, படுக்கும் நேரத்தில் அவளுக்கும் தம்பிக்கும் நான்தான் கதை வாசிக்கிறேன். வகுப்பில் வராத குரல் இவர்கள் முன்னால் வருகிறது. அப்பா கடலுக்குப் போன இரவுகளில், உங்களைப் போலவே, படகு மூழ்கும் இடத்தை மாற்றிவிடுவேன். அந்தச் சொல்லை அப்போது எங்கள் வீட்டில் சொல்வதில்லையே. நேற்றும் அப்பா கடலில். பயப்பட வேண்டாம், காலையில் நிறையப் பாரை மீனோடு வந்துவிட்டார்.

"படகு கரைக்கு வந்தது" என்று வாசித்தேன். அவளின் விரல் நின்றது.

"அக்கா, இதிலை அப்பிடி இல்லை."

தம்பி பாயில் எழும்பி உட்கார்ந்தான். "அப்ப என்ன இருக்கு? வாசியன் பாப்பம்."

அவள் சுவரில் கொழுவியிருந்த அப்பாவின் சேர்ட்டைப் பார்த்தாள். பிறகு விரலை வைத்து, எழுத்துக் கூட்டுவதுபோல வாசித்தாள்: "படகு... கரைக்கு... வந்தது."

"அதைத்தானே அக்காவும் சொன்னவ! பெரிய ரீச்சர்!" என்று அவன் சிரித்தான்.

நான் புத்தகத்தை அவளின் மடியில் வைத்தேன்.

உங்கள் மூத்த பிள்ளை